இருபத்தேழாம் எண் கட்டை

கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டினாள் சல்லடை. தட்டியிருக்கக் கூடாது.

முதலில் பிஸ்கட் தூள் விழுந்தது. பிறகு பென்சில் சீவல், ரப்பர் துணுக்கு, ஒரு கொத்துத் தலைமுடி, கடைசியாகப் பிறை பிறையாக நகத்துண்டுகள். யாரோ ஒரு புண்ணியவான் பாடம் படிக்கிற நேரத்தில் பத்து விரலையும் கடித்து, எழுத்துகளுக்கு இடையில் பத்திரமாகச் சேமித்து வைத்திருக்கிறான். மேசைக்கு அடியில் கை வைத்தாள். விரலில் ஏதோ பிசுக்கென்று ஒட்டியது. சூயிங்கம். இன்னும் காயவில்லை.

"சீ" என்று கையை உதறினாள்.

"தடயம்க்கா, உதறாதே" என்றான் தம்பி. "மென்னவன் இன்னும் பக்கத்துலதான் எங்கயோ இருக்கான்."

ஊரில் அவளுக்குப் பெயரே சல்லடைதான். பன்னிரண்டு வருஷமாகத் தனியார் துப்பறியும் தொழில். அரிசியில் ஒரு கல்லைக்கூட விடமாட்டாள் என்று யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. தம்பி கூடப்பிறந்தவன், முப்பத்தெட்டு வயது. இன்சூரன்ஸ் விற்கப் போய், விற்ற ஒரே பாலிசியும் தன் சொந்த உயிர்மீது எடுத்த பாலிசியாகப் போனதால், அக்காவுக்கு உதவியாளனாக வந்து சேர்ந்தவன். கை வேலை பாதி, வாய் வேலை இரண்டு மடங்கு.

இருவரும் நின்றுகொண்டிருந்தது ஒரு பள்ளிக்கூட நூலகத்தில். மணி ஒன்று நாற்பது. மூன்று மணிக்குப் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கையில் டி.சி.யைக் கொடுத்து வெளியே அனுப்பப் போகிறார்கள். நடத்தை என்ற இடத்தில் 'மோசம்' என்று அடித்துத் தயாராக வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையோடு பொதுத்தேர்வுக்குப் பெயர் பதிவது முடிகிறது. அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நடு வருஷத்தில் வரும் பெண்ணை எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும்? ஒரு வருஷம் போச்சு. பேர் போனது போனதுதான்.

விஷயம் இதுதான். போன புதன்கிழமை, பள்ளிக்கூட இணையதளத்தில் பெற்றோர் பேசிக்கொள்ளும் பக்கத்தில் ஒரு பதிவு வந்தது. கெமிஸ்ட்ரி மிஸ்ஸைப் பற்றி. அதைச் சல்லடை நேற்று படித்தாள். படித்துவிட்டு எழுந்து போய் வாய் கொப்புளித்தாள். ஒரு பெண்ணைப் பற்றி எதையெல்லாம் எழுதக் கூடாதோ அதையெல்லாம், நல்ல சுத்தமான நடையில், வரி வரியாக எழுதியிருந்தது. அன்று போன கெமிஸ்ட்ரி மிஸ் இன்றுவரை வரவில்லை. போனையும் எடுப்பதில்லை.

எழுதியவர் பெயர் பக்கத்தில் தெரியாது. ஆனால் அலுவலகக் கம்ப்யூட்டரில் எல்லாம் பதிவாகியிருந்தது. நூலகத்தின் நாலாம் நம்பர் கம்ப்யூட்டர், நாலாம் பீரியட், பதினொன்று நாற்பதிலிருந்து ஐம்பத்திரண்டு வரை. உள்ளே நுழைந்த மாணவர் எண் இருபத்தேழு.

இருபத்தேழு அந்தப் பெண். இரண்டு மாதத்துக்கு முன்புதான் இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். நேற்று மாலை வேலை உடுப்போடு நேராகச் சல்லடையின் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலி அழுக்காகிவிடும் என்று உட்காராமலேயே பேசினார்.

"வீட்டுக்கு வந்தா கெமிஸ்ட்ரி மிஸ் புராணம்தான் மேடம். அவங்க எப்படி நடப்பாங்க, எப்படித் திட்டுவாங்கன்னு நடிச்சே காட்டுவா. அவளா இதை எழுதுவா?"

எழுதியிருக்க மாட்டாள் என்று சல்லடைக்கும் பட்டது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பெண்ணே குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நேற்றுக் காலைக் கூட்டத்தில் அதை மைக்கில் இரண்டு தடவை வாசித்தும் விட்டார்கள். ஏன் எழுதினாய் என்று கேட்டால் அழுகை மட்டும்தான் பதில்.

நூலகத்துக்குள் நுழைய அனுமதி கொடுத்தவர் துணை முதல்வர். தாராளமாகப் பாருங்கள் என்று சொல்லிக் கூடவே வந்தார். பேசும்போதெல்லாம் பேனா மூடியைக் காதுக்குள் விட்டுச் சுழற்றுவார். வெளியே எடுத்து, வந்த சரக்கை ஒரு முறை பார்வையிடுவார். பிறகு அதே மூடியைப் பேனாவில் மாட்டி, அதே பேனாவைச் சட்டைப்பையில் செருகுவார்.

"பதிவைக் கண்ணால பார்த்துடுங்க, அப்புறம் உங்களுக்கே சந்தேகம் வராது" என்று ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்.

பத்து எண்ணுவதற்குள் எதிர் மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், கட்டை."

நூலகர். ஐம்பது வயதுப் பெண்மணி, ஒல்லி உடம்பு, கண்ணாடிக்குச் சங்கிலி. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. துணை முதல்வர் பல்லைக் காட்டி, இரண்டு நிமிஷ வேலைதான் என்றார். நூலகர் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தார். பார்வை நகரவில்லை. கடைசியில் துணை முதல்வர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வாசலுக்குப் போய், 'ஆ' என்று எழுதிய ஒரு மரக்கட்டையை எடுத்துவந்து கம்ப்யூட்டருக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார்.

"ஜெயில்ல கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது" என்று தம்பி மெச்சிக்கொண்டான்.

அந்த ஒரு பாராட்டு போதும். நூலகர் மலர்ந்துபோய்த் தன் ஏற்பாட்டை விளக்கினார். வாசலில் வரிசையாகக் கட்டைகள், கையகல மரத்துண்டு, ஒரு பக்கம் வெள்ளைப் பெயின்டில் எண். ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டை. அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்தால் அது இருந்த இடத்தில் கட்டையைச் செருக வேண்டும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் தலைக்கு மேல் உள்ள ஆணியில் மாட்ட வேண்டும். புத்தகமா, கம்ப்யூட்டரா, ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஆசிரியர்களுக்கும் விலக்கு இல்லை, அவர்கள் கட்டையில் எண்ணுக்குப் பதில் எழுத்து. பீரியட் முடிந்ததும் அலமாரியில் இருக்கும் கட்டைகளை அவரே எடுத்து, எந்தப் புத்தகத்தை எந்த எண் படித்தது என்று நோட்டில் எழுதிவிடுவார்.

"மணி அடிக்கிற வரைக்கும் நான் சீட்டை விட்டு நகர்றதில்லை. இங்கிருந்து பன்னிரண்டு ஆணியும் தெரியும். கட்டை இல்லாம ஒருத்தர் உட்கார முடியாது" என்றார்.

கம்ப்யூட்டருக்குள் நுழைய என்ன எண் அடிப்பார்கள் என்று சல்லடை கேட்டாள். கட்டை எண்தான் என்றார். பாஸ்வேர்டு? அதுவும் கட்டை எண்தான். வேறு வைத்தால் பிள்ளைகள் மறந்துவிட்டு வந்து நிற்கிறார்கள், அதனால் எளிமையாக்கிவிட்டேன் என்றார், பெருமையாக.

தம்பி அக்காவின் காதோரம் குனிந்தான். "வீட்டைப் பூட்டி, சாவியைப் பூட்டுலயே தொங்க விட்டிருக்காங்க."

கேமரா இருக்கிறதா என்று கேட்டாள். பள்ளிக்கூட வாசலில் மட்டும்தான் இருக்கிறதாம். உள்ளே நூலகரின் கண்தான் கேமரா.

புதன்கிழமை நோட்டைப் புரட்டினாள். அன்று வகுப்பே மைதானத்துக்குப் போயிருந்தது. பயிற்சிக்குப் போகாத ஐந்து பேர் மட்டும் நூலகத்தில். நாலாம் பீரியடுக்கு ஐந்து புத்தகம், ஐந்து எண். அந்த பீரியடில் ஆசிரியர் யாரும் கட்டை எடுக்கவில்லை என்றார் நூலகர். கடைசி வரி: எரிமலைகள், இருபத்தேழு. அந்த அலமாரி எங்கே என்றாள். நாலாம் நம்பர் கம்ப்யூட்டருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கம்ப்யூட்டர் வரிசையைப் படிக்கும் மேசையிலிருந்து மறைப்பதே அந்த அலமாரிதான்.

"அப்போ பொண்ணு எரிமலை படிச்சிட்டிருந்திருக்கா. கட்டை மணி அடிக்கிற வரைக்கும் அலமாரில இருந்திருக்கு" என்றாள் சல்லடை.

துணை முதல்வர் மூடியைக் காதிலிருந்து உருவினார். "அதனால என்னம்மா? கட்டையை அங்க செருகிட்டு, மனசுல இருக்கிற நம்பரை இங்க வந்து அடிச்சிருக்கா. கூட இருந்த நாலு பேரையும் விசாரிச்சாச்சு. அந்தப் பொண்ணு எங்க இருந்தான்னே கவனிக்கலைங்கறாங்க."

இரண்டு மாதமாகக் கூடப் படிக்கிறவள். எங்கே இருந்தாள் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லையாம். புதுசாக வந்த பெண்ணோடு பேசினால் வாய் தேய்ந்துவிடும் போலிருக்கிறது இந்தப் பிள்ளைகளுக்கு. சல்லடைக்கு எரிச்சல் மண்டியது.

துணை முதல்வர் பேச்சோடு பேச்சாக இன்னொன்றையும் கொட்டினார். பெரிய மிஸ், அதாவது பள்ளி முதல்வர், வருகிற வருஷம் ஓய்வு பெற வேண்டியவர். அடுத்து கெமிஸ்ட்ரி மிஸ்தான் என்று நிர்வாகம் முடிவே பண்ணியிருந்தது. இப்போது இப்படி ஆகிவிட்டதால் பெரிய மிஸ்ஸையே இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

"உங்களைக் கேட்கலையா சார்?" என்றான் தம்பி, அப்பாவி முகத்தோடு.

"நம்மளை எவன் மதிக்கிறான்?" என்றார் அவர். மூடி மறுபடி காதுக்குள் போனது.

அவர் தள்ளிப் போனதும் தம்பி சொன்னான், "அக்கா, ஆளைப் பார்த்தாலே தெரியுது. இவன்தான். காதுல இருக்கிறதே இவ்வளவு அழுக்குன்னா மனசுல எவ்வளவு இருக்கும்?"

"அழுக்கா இருக்கிறவன் எல்லாம் திருடன்னா முதல்ல உன்னை உள்ள போடணும்" என்று சொல்லிவிட்டுச் சல்லடை அலமாரிப் பக்கம் நடந்தாள்.

சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஏழெட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அலமாரிகளில் அங்கங்கே கட்டைகள் செருகியிருந்தன. ஒன்றிலும் எண் தெரியவில்லை. எல்லாம் வெறும் மரம். ஒன்றை உருவித் திருப்பிப் பார்த்தாள். எண் உட்பக்கம் இருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே.

அவளுக்கு நேர் மேலே சுவரில் ஒட்டியிருந்த விதிகளில் மூன்றாவது விதி: 'கட்டையின் எண் வெளியே தெரியுமாறு செருகவும்.'

பக்கத்தில் நின்ற இரட்டைச் சடைப் பெண்ணைத் தம்பி பிடித்தான். அவனுக்குப் பிள்ளைகளோடு சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அவள் நூலகர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ரகசியமாகச் சொன்னாள்.

"நம்பர் வெளிய தெரிஞ்சா எவனாவது நம்ம பேர்ல உள்ள போய் ஏதாவது பண்ணிடுவான் அங்கிள். அதான் எல்லாரும் திருப்பி வைப்போம். சின்ன கிளாஸ்லேர்ந்தே அப்படித்தான்."

"புதுசா வர்றவங்களுக்கு யார் சொல்லித் தருவீங்க?"

அவள் தோளைக் குலுக்கிவிட்டு ஓடிப்போனாள்.

நாலாம் நம்பரில் ஏன் யாரும் உட்காரவில்லை என்றும் தம்பி இன்னொருவனிடம் விசாரித்து வந்தான். அந்த கீபோர்டில் எவனோ ஜூஸைக் கொட்டிவிட்டான், எழுத்தெல்லாம் ஒட்டிக்கொள்ளும், தெரிந்தவன் எவனும் அங்கே உட்காரமாட்டான். வந்ததும் அவள் கவிழ்த்துத் தட்டிய கீபோர்டு அதுதான்; சல்லடை தன் விரலை மறுபடி கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

பெண்ணை அழைத்துவரச் சொன்னாள். அலுவலக வாசல் பெஞ்சில் அப்பாவோடு உட்கார வைத்திருந்தார்கள். அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது. புதன்கிழமை செருகியது போலவே இப்போது ஒரு கட்டையைச் செருகிக் காட்டு என்றாள் சல்லடை. பெண் எரிமலைப் புத்தகத்தை எடுத்தாள். அந்த இடத்தில் கட்டையை வைத்தாள். எண் வெளியே பளிச்சென்று தெரிந்தது.

"ஏம்மா இப்படி வெச்சே?"

"அங்க எழுதியிருக்கே மேடம்" என்று மூன்றாவது விதியைக் காட்டினாள்.

அத்தனை பிள்ளைகளில் விதியை மதித்தவள் ஒருத்திதான். அவள்தான் மாட்டியிருக்கிறாள். கடிதத்தை யார் எழுதச் சொன்னார்கள் என்று சல்லடை கேட்டாள். சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன் என்று பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது வாசல் பக்கம் சலசலப்பு அடங்கியது. பெரிய மிஸ் வந்தார். வெளுத்த தலை, மடிப்பு கலையாத பருத்திப் புடவை, பார்த்தால் காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றும் முகம். நேராகப் பெண்ணிடம் வந்து தலையைத் தடவினார். சல்லடையைப் பார்த்து, பிள்ளை தெரியாமல் பண்ணிவிட்டது, எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை, என்ன செய்வது, பள்ளிக்கூடத்தின் மானம் இருக்கிறதே என்றார். கண்ணில் நீர்கூடக் கட்டியது. பெண் ஒரு அடி பின்வாங்கி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சல்லடையின் கண்ணில் பட்டது.

"மூணு மணி கூட்டத்துக்கு வர்றேன்னு எல்லாரும் மெயில் போட்டுட்டாங்களான்னு பார்க்கறேன்" என்று பெரிய மிஸ் ஒன்பதாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிதானமாகத் தட்டினார்.

சல்லடை நூலகரைப் பார்த்தாள். நூலகர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையைக் கட்டியிருந்தார், ஆனால் இந்த முறை கட்டியது பவ்யத்துக்கு. வாய் திறக்கவில்லை. பத்து எண்ணியாகிவிட்டது, இருபது எண்ணியாகிவிட்டது.

ஒன்பதாம் நம்பருக்கு மேலே ஆணி மொட்டையாக இருந்தது.

தம்பி அவள் பார்வை போன வழியே பார்த்தான். ஆணியைப் பார்த்தான், பெரிய மிஸ்ஸைப் பார்த்தான், வாயிலிருந்த நகைச்சுவையை முழுங்கினான்.

பெரிய மிஸ் போனதும் சல்லடை நூலகரின் மேசைக்கு வந்தாள்.

"புதன்கிழமை நாலாம் பீரியட். ஐந்து கட்டையும் அலமாரில. பன்னிரண்டு ஆணியும் காலி. நாலாம் நம்பர்ல பன்னிரண்டு நிமிஷம் ஒருத்தர் உட்கார்ந்து தட்டியிருக்காங்க. நீங்க சீட்டை விட்டு நகரலை. பிள்ளை உட்கார்ந்திருந்தா விட்டிருப்பீங்களா?"

நூலகர் மேசைமேல் இருந்த நோட்டை நேராக்கி வைத்தார்.

"துணை முதல்வரையே எழுப்பி அனுப்புனவங்க நீங்க. உங்க வாய் அடைச்சுப் போறது ஒரே ஒருத்தர் முன்னாடிதான். அவங்களுக்குக் கட்டை கிடையாது. பிள்ளைங்க எண்ணைத் திருப்பி வைக்கிற விஷயமும் தெரியாது. அலமாரிங்கள்ல நாலு வெறுங்கட்டை, பக்கத்துல இருந்த ஒண்ணுல மட்டும் எண் தெரிஞ்சிருக்கு. அதையே அடிச்சுட்டாங்க. நீங்க பார்த்தீங்க இல்லையா?"

நூலகர் குரலைத் தாழ்த்தினார். தன் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை என்றார். கையெழுத்துப் போடுவது பெரிய மிஸ். வீட்டில் படுக்கையில் கிடக்கும் கணவர். அதோடு, உட்கார்ந்ததைத்தான் பார்த்தேன், என்ன எழுதினார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார்.

"நேத்து மைக்ல அந்த லெட்டரை வாசிக்கும்போது தெரிஞ்சுதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். சல்லடைக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கட்டை இல்லை என்று பத்து வயதுப் பிள்ளையை விரட்டத் தெரிந்த வாய், ஒரு பெண்ணின் வாழ்க்கை போகும்போது பசை போட்டு ஒட்டிக்கொண்டதே என்று வயிறு எரிந்தது.

மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். முதல்வர் அறை. மேசைமீது டி.சி., ஓரத்தில் எல்லா வகுப்புகளுக்கும் அறிவிப்பு சொல்கிற மைக். பெரிய மிஸ் நடுவில், துணை முதல்வர் பக்கத்தில். எதிரே பெண்ணும் அப்பாவும். நூலகரைக் கையைப் பிடித்து இழுத்து வராத குறையாகத் தம்பி கூட்டி வந்திருந்தான்.

சல்லடை சுற்றி வளைக்கவில்லை. கட்டையை, ஆணியை, மூன்றாவது விதியை, ஒவ்வொன்றாக மேசைமீது வைத்தாள். பெரிய மிஸ் சிரித்த முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், நான் ஒரு நாளைக்குப் பத்து தடவை நூலகத்துக்குப் போவேன் அம்மா, புதன்கிழமை போனேனா என்று நினைவில்லை, பிள்ளையே ஒப்புக்கொண்ட பிறகு இதெல்லாம் எதற்கு என்றார்.

சல்லடை பெண்ணின் பக்கம் திரும்பினாள். "பொய்க்குக் காவல் நிக்கிற சத்தியம் சத்தியமே இல்லைம்மா. சொல்லு."

பெண் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"பெரிய மிஸ் என்னைத் தனியா கூப்பிட்டாங்க. தண்ணி குடுத்தாங்க. அழுதாங்க. நீ எழுதிக் குடுத்தா கண்டிச்சு விட்டுடுவேன், இல்லேன்னா போலீஸ் வந்து உங்கப்பாவைப் பிடிச்சுட்டுப் போகும்னாங்க. அவங்க சொல்லச் சொல்ல எழுதினேன்."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கிறாள் இந்த மகராசி.

துணை முதல்வரின் கை காதருகே அப்படியே நின்றது. அந்த மூளைக்குள் என்ன ஓடுகிறது என்பது முகத்தில் எழுதி ஒட்டியதுபோல் தெரிந்தது. பெரிய மிஸ் போனால் பொறுப்பு யாருக்கு? அவருக்குத்தான். மூடியைப் பேனாவில் மாட்டினார். நூலகர் பக்கம் திரும்பினார். குரல் தேனாக ஒழுகியது.

"நீங்க பயப்படாதீங்கம்மா. உங்க வேலைக்கு நான் பொறுப்பு. பார்த்ததைச் சொல்லுங்க. அவங்கதானே?"

நூலகர் தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினார்.

அடுத்த நிமிஷம் துணை முதல்வர் டி.சி.யை எடுத்து இரண்டாக, நாலாகக் கிழித்தார். கல்யாண வீட்டில் பூ தூவுகிற மாதிரி அவ்வளவு சந்தோஷம். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். நியாயம் கிடைத்த மாதிரியே இல்லை, குப்பைத்தொட்டியிலிருந்து பொறுக்கின மாதிரி இருந்தது சல்லடைக்கு. பெரிய மிஸ் புடவை மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

"விஷயம் இந்த நாலு சுவத்துக்குள்ள முடிஞ்சிடட்டும்" என்றார் துணை முதல்வர். மேடம் உடம்பு சரியில்லை என்று விடுப்பில் போகட்டும், பெண் நாளை முதல் வகுப்புக்கு வரட்டும், பள்ளிக்கூடத்தின் பேர் கெடாமல் இருக்க வேண்டும் அல்லவா என்றார். அப்பாகூடக் கும்பிடு போட்டார். வருஷம் பிழைத்ததே என்ற நிம்மதி அவருக்கு.

பெண் மட்டும் நகரவில்லை.

"என் லெட்டரை எல்லாரும் கேட்டாங்களே சார்" என்றாள். "இதை யாருக்குச் சொல்வீங்க?"

துணை முதல்வர் சிரித்தார். எல்லாம் நாளடைவில் மறந்துவிடும், பரீட்சை முடியட்டும், பார்க்கலாம் என்றார். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான், சல்லடை அவன் கையை அழுத்தினாள். ஏனென்றால் நூலகர் எழுந்திருந்தார்.

நேராக மேசையோரம் போய் மைக்கின் பொத்தானை அழுத்தினார். வெளியே வராந்தா முழுக்க ஒலிபெருக்கிகள் கரகரத்தன. துணை முதல்வர் பாய்ந்து எழுந்தார். லிஃப்ட் மெக்கானிக் நடுவில் வந்து நின்றார்.

"நூலகர் பேசறேன். நேத்து வாசிச்ச மன்னிப்புக் கடிதம் பொய். அந்தப் பொண்ணு எந்தத் தப்பும் பண்ணலை. புதன்கிழமை அந்த நேரத்துல அந்தக் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருந்தது பெரிய மிஸ். கெமிஸ்ட்ரி மிஸ்ஸைப் பத்தி எழுதினது முழுக்கப் பழி. நான் எல்லாத்தையும் பார்த்துட்டு, ஆறு நாள் வாயை மூடிட்டு இருந்தேன்."

பொத்தானிலிருந்து கையை எடுத்தார். பெரிய மிஸ்ஸின் கை புடவை மடிப்பிலேயே நின்றுபோயிருந்தது.

பெண் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மிஸ்" என்றாள். "என் லெட்டரை ரெண்டு தடவை வாசிச்சாங்க."

நூலகர் மறுபடியும் பொத்தானை அழுத்தினார்.